மாமாவின் சினை பாட்டில்

மேலூருக்குக் கிழக்கே எங்கள் தாய்மாமா வீட்டு மாடக்குழியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும். உள்ளே கல்லுப்புக்கு நடுவே, பழம்புளி நிறத்தில் துண்டு துண்டாக மீன்சினை. மூடியைத் திறந்தால் வீடே நாறுகிறது என்று அத்தை திட்டுவார். மாமாவுக்கு அது கோடை வரைக்குமான தூண்டில் இரை.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால் வயிறு புடைத்த கெண்டையும் வாளையும் அடுப்படிக்கு வரும். அத்தை மீன் அறுக்கும்போது மாமா பக்கத்திலேயே குத்தவைத்திருப்பார். சினைப்பை கிழிந்தால் முட்டை உதிர்ந்துவிடும். தண்ணீர் காட்டாமல் துணியால் ரத்தத்தைத் துடைத்து, மண்சட்டியில் உப்பு ஒரு அடுக்கு, சினை ஒரு அடுக்காக வைப்பார். உப்பு நீரை இழுக்க இழுக்கச் சவ்வு இறுகும். விடிந்ததும் சட்டியில் நிற்கும் நீரை வடித்துவிட்டு நிழலில் உலர்த்துவார். நான் ஒருதரம் அவசரப்பட்டு முறத்தோடு வெயிலில் வைத்துவிட்டேன். மாமா ஒரு துண்டை அறுத்துக் காட்டினார். "பாத்தியா மாப்ள, மேல கல்லாயிருச்சு, உள்ள கொழகொழன்னு கெடக்கு. நாலு நாள்ல புழு வச்சுரும்." இத்தாலியிலும் ஜப்பானிலும் மடவைச் சினையை உப்பிட்டு உலர்த்தி, விலையுயர்ந்த பண்டமாக உண்கிறார்கள் என்று பின்னாளில் படித்தபோது அந்த மண்சட்டிதான் கண்ணில் நின்றது.

தூண்டிலுக்குப் போகும்போது சுண்டுவிரல் நகமளவு வெட்டி, முள்ளில் கோத்து, தையல் நூலால் நாலு சுற்றுச் சுற்றுவார். தண்ணீரில் ஊறி வாடை பரவினால் கெளுத்தி வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமா கண்டிப்பு. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறும் மீனை அவர் தொடமாட்டார். ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்கி நிற்கும். "பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போற பிள்ளைய வழிமறிக்கிறதாடா?" என்பார். ஏறி முட்டை போட்டதுபோக மிச்சம் கண்மாயில் கிடைத்தால் போதும் அவருக்கு.

இப்போது மதுரையில் என் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, நல்ல தூண்டில் இருக்கிறது. சினைதான் இல்லை. கண்மாயை மீன் ஏலத்துக்கு விடுகிறார்கள். எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுகிறார். கட்லா சினை பிடிக்க இரண்டு வயதாவது ஆகவேண்டும். தண்ணீர் வற்றுமுன் ஒரு வருஷத்துக்குள் வலை விழுந்துவிடும். வளர்ந்தாலும் அது ஆற்று மீன், தேங்கிய நீரில் முட்டையிடாது. 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றி முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் குஞ்சுகள் பண்ணையில் பெருகத் தொடங்கின. பல குடும்பங்களுக்கு மலிவாக மீன் கிடைத்தது அதனால்தான். அதை நான் குறை சொல்லமாட்டேன். 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்த ஜிலேபி மீன் இன்று கண்மாயெல்லாம் நிறைந்திருக்கிறது. பெண்மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். அதற்கு வரத்துக்காலும் வேண்டாம், புதுத்தண்ணீரும் வேண்டாம். வயிற்றை அறுத்தால் உப்புப் போடுகிற அளவுக்கு ஒன்றும் தேறாது.

மாமா தொடாமல் விட்ட அந்த ஏறுமீன்களை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. அவர் வழிவிட்டார். இன்று அந்த வரத்துக்காலில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நல்ல மழை பெய்தாலும் மீன் ஏற வழியில்லை.

"கம்மாமீன்ல சினை இருக்காக்கா?" என்று போன வாரமும் கேட்டேன். "வளப்பு மீன்ல ஏதுண்ணே சினை? கடல்மீன்ல இருக்கு, தரவா?" என்றார் மீன்காரம்மா. வாங்கிவந்து, மாமா சொன்னபடியே உப்பிட்டு நிழலில் உலர்த்தினேன். ஞாயிற்றுக்கிழமை அதே கண்மாய்க் கரையில், நூலை நாலு சுற்றுச் சுற்றித் தூண்டிலைப் போட்டேன். தக்கை ஒருமுறை அசைந்தது. பிறகு வெயில் ஏறும்வரை அப்படியே நின்றது.