பறவையாற்றின் ரகசியங்கள்

சுங்கை புரோங் என்ற ஊர்ப் பெயருக்கு மலாயில் பறவையாறு என்று பொருள். ஊர்ச் செய்திக்கு இறக்கை முளைக்கப் பெயரே போதும். அந்தக் காலத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் பேர், பிரட்டு, பால் எடை, முன்பணம் எல்லாம் கிராணியின் செக்ரோல் பதிவேட்டில் இருந்தன. அதில் ஏறாத விஷயங்களைக் குழாயடி குறித்து வைத்துக்கொண்டது.

இப்போது நம் விவரங்களைக் காக்க மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2010இல் பிறந்து, 2013 நவம்பரில்தான் நடக்கத் தொடங்கியது. 2017இல் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி வந்தது. அன்றைய மக்கள்தொகையே 32 மில்லியன் சொச்சம்தான்!

2024 திருத்தம் அபராத உச்சத்தை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சமாக்கியது. 2025 ஜூன் முதல், பெரிய கசிவு என்றால் நிறுவனம் 72 மணி நேரத்தில் ஆணையரிடம் சொல்ல வேண்டும். குழாயடிக்கு 72 நொடி அதிகம். அரசாங்கத்தை இந்தச் சட்டம் தொடாது. பெரிய வீட்டு விவகாரம்.

வாடிக்கையாளருக்கான அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டுமாம். தமிழ் மட்டும் தெரிந்த ஆயா, ரைஸ்குக்கர் ஆசையில் ஒரு கடையின் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு ஐசி நம்பர் கொடுத்துவிட்டு வந்தார்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்களா, ஆயா?"

"கையெழுத்து எங்க தெரியும்? கைநாட்டுதான் வச்சேன்."

கைரேகை போன்ற உயிரளவைத் தரவு இப்போது சட்டப்படி உணர்திறன் மிக்க தரவு. ரைஸ்குக்கர் இன்னும் விழவில்லை.