கைதாகும் முன் ஒரு சம்மதக் கடிதம்

அனுப்புநர்:
பட்டுத்தறி நெய்பவன், தெருக்காரர்களுக்கு மனுவும் எழுதித் தருபவன்,
திருப்பருத்திக்குன்றம், காஞ்சிபுரம்.

பெறுநர்:
வெளியுறவு அமைச்சகம், இந்திய அரசு, புது டெல்லி.

பொருள்: வெளிநாட்டில் நான் கைதானால் என் விவரங்களை வெளியிட முன்கூட்டியே சம்மதம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: இது குறித்து நாடாளுமன்றத்தில் தாங்கள் தந்த பதில்கள் அனைத்தும் (எதைப் பார்த்தாலும் ஒன்றுதான்).

பெருமதிப்பிற்குரிய ஐயா,

இதுவரை நான் எந்த நாட்டிலும் கைதானதில்லை. பாஸ்போர்ட் மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். வழக்கமாக உங்களுக்கு இந்த விஷயத்தில் வரும் மனுக்கள் ஆள் உள்ளே போன பிறகு வருபவை. உள்ளே போனவன் கையில் பேனா இருக்காது. பெற்றவளோ கட்டியவளோ என்னைப் போன்ற ஒருவனிடம் வந்து திண்ணையில் உட்காருவாள். எந்த ஊர் ஜெயிலம்மா என்றால் “துபாய் பக்கம்” என்பாள். என்ன கேஸ் என்றால் அழுவாள். இதை வைத்துக்கொண்டு ஒரு பக்க மனு எழுதுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால்தான் எனக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே, கையில் விலங்கு இல்லாதபோதே எழுதிவிடுகிறேன்.

மலேசியாவில் ஜவுளிக்கடை வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் ஆறு மாதமாகச் சுற்றி வருகிறார். “டூரிஸ்ட் விசாவுல போயிடுங்கண்ணே, அங்க போய் மாத்திக்கலாம்” என்கிறார். அரசு சொன்னபடி பதிவு பெற்ற முகவர் பட்டியலில் தேடிப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்குண்ணே” என்று சிரித்தார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது என் குற்றம்தான். ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய கேள்வி அந்தக் குற்றத்துக்கு அடுத்த நாளைப் பற்றியது.

வெளிநாட்டுச் சிறைகளில் இருக்கும் இந்தியர்களைப் பற்றி எந்த உறுப்பினர் கேட்டாலும் உங்கள் பதிலில் ஒரு பத்தி தவறாமல் வரும். பல நாடுகளில் தனியுரிமைச் சட்டங்கள் கடுமையானவை. கைதியே சம்மதித்தால் ஒழிய அந்த நாட்டு அதிகாரிகள் விவரம் தருவதில்லை. தருகிற நாடுகளும் முழுசாகத் தருவதில்லை. எங்கள் ஊர்ச் சமணக் கோயிலில் ஒரு குரா மரம் உண்டு. அது குன்றுவதும் இல்லை, உயர்வதும் இல்லை, அரசனின் செங்கோல் நலத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று ஒரு பழைய பாடல் சொல்கிறது. உங்கள் பத்தியைப் படித்த பிறகுதான் அந்தப் பாட்டுக்குப் பொருள் விளங்கியது.

2025 மார்ச்சில் நீங்கள் சொன்ன கணக்கு 10,152 பேர். அவர்களில் 49 பேர் மரண தண்டனை பெற்றவர்கள். அந்த 49-இல் 25 பேர் ஐக்கிய அரபு அமீரகத்தில். நம் ஜனங்களுக்குத் தனியுரிமையில் இவ்வளவு பிடிப்பு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று கடைசி வீடு வரை தெரியும். யார் எவ்வளவு முன்பணம் வாங்கி எந்த முதலாளிக்கு நெய்கிறார் என்பது டீக்கடையில் பொதுச் சொத்து. இப்படி வளர்ந்த பிள்ளை அபுதாபி ஜெயிலுக்குள் கால் வைத்ததும், “என் அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது என் அந்தரங்கம்” என்று சொல்லிவிடுகிறான் போலிருக்கிறது.

என் விஷயத்தில் அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம். என் சம்மதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அடுத்து, சொந்தப் பொறுப்பு. “இவனை யார் அங்கே போகச் சொன்னது?” என்று டிவியில் கோட் போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். எங்கள் ஊருக்கு இது புதுப் பாடமல்ல. எங்கள் ஊர் ஜினகாஞ்சி, சமணர்களின் காஞ்சி. வேகவதிக் கரையில் திரைலோக்கியநாதர் கோயில் இருக்கிறது. அதன் சங்கீத மண்டபத்தை 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துத் தளபதி இருகப்பர் கட்டினார். அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர் கதைகள்; எந்தக் காட்சியில் என்ன நடக்கிறது என்று ஓவியத்தின் கீழேயே தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். (வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் தயாரிப்பவர்களுக்கு அந்த ஓவியரின் நல்ல புத்தி வாய்க்கவில்லை.) அவரவர் வினையை அவரவரே அனுபவித்துத் தீர்க்க வேண்டும், தீர்த்தங்கரரே ஆனாலும் வந்து குறுக்கே நிற்க மாட்டார் என்பது சமணம். நான் சமணன் இல்லை. அந்த மதில் ஓரத்தில் விளையாடி வளர்ந்தவன். அந்தக் கொள்கையின் கறார்த்தனம் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் தீர்த்தங்கரர் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் வாங்குவதில்லை. நான் யோக்கியனா என்று விசாரிக்க வீட்டுக்குப் போலீஸ்காரரை அனுப்புவதில்லை. பத்தாவது தேறாதவன் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக வேண்டுமானால் தன்னிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டுவதில்லை. இவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள், தேவைப்படும் உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பெயரால் உலகத்தாருக்குப் புத்தகத்தின் உள்பக்கத்தில் எழுதிக் கொடுப்பதும் இல்லை. இதையெல்லாம் செய்வது நீங்கள். புறப்படும் வரை நான் அரசின் பிள்ளை, பிடிபட்ட மறுகணம் என் வினையின் பிள்ளை என்றால், எந்த இடத்தில் கைமாறினேன் என்றாவது தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். விமானத்திலா, இறங்கிய பிறகா?

எங்கள் தொழிலிலும் தப்புக்குத் தண்டனை உண்டு. கோர்வையில் இழை விட்டுப்போனால் முதலாளி சேலையை வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவிப் பார்த்து, கூலியில் பிடித்துக்கொள்வார். ஏன் என்று கேட்க முடியாது. தப்பு என் கையில் நடந்தது. அதற்காகப் பாதி நெய்த பாவோடு தறியை யாரும் அப்படியே போட்டுவிட்டுப் போனதில்லை. அறுந்த இழையை எடுத்து முடி போட்டே ஆக வேண்டும். பிடித்தம் வேறு கணக்கு.

கடத்தல்காரனைக் கட்டித் தழுவி அழைத்து வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் என்ன பேசுகிறான் என்று புரிந்துகொள்ள ஓர் ஆள் அந்தக் கோர்ட்டில் இருந்தாரா, கையெழுத்து வாங்கிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா, வீட்டுக்குத் தகவல் போனதா? கேட்பது இவ்வளவுதான்.

இது நெசவாளியின் சொந்தச் சரக்கு என்று தள்ளிவிடாதீர்கள். உங்களிடம் கற்றதுதான். தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு, பாகிஸ்தான் பிடித்து வைத்த குல்பூஷண் ஜாதவுக்காக நீங்கள் தி ஹேக் வரை போனீர்கள். அவர் உளவாளி, அவருக்குத் தூதரக உதவி கிடையாது என்றது பாகிஸ்தான். என்ன குற்றச்சாட்டாக இருந்தாலும் தூதரக அதிகாரியைப் பார்க்கவிட வேண்டும் என்று வாதாடினீர்கள். 2019 ஜூலை 17 அன்று பதினைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் சர்வதேச நீதிமன்றம் அதை ஏற்றது. உங்கள் வழக்குரைஞர் ஹரீஷ் சால்வே அதற்கு வாங்கிய கட்டணம் ஒரு ரூபாய். படித்தபோது எனக்குப் புல்லரித்தது. அவ்வளவு நல்ல வாதம் பாகிஸ்தானுக்கு எதிராக மட்டும் செலவாகிவிட்டதே என்றுதான் ஒரு சின்னக் குறை. அந்தப் பிரிவில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. தூதரக அதிகாரிக்குக் கைதியைப் பார்க்க உரிமை உண்டு என்கிறது. பார்த்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நாடு தடுத்தால் வழக்குப் போடலாம். நம் ஆளே போகாவிட்டால் யார்மேல் போடுவது?

இப்போது என் முக்கியமான சந்தேகம். நான் எந்த வகுப்புக் கைதி?

கத்தாரில் 2022 ஆகஸ்டில் பிடிபட்ட முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேருக்கு 2023 அக்டோபரில் மரண தண்டனை விதித்தார்கள். 2024 பிப்ரவரியில் எட்டுப் பேரும் விடுதலை. அருமையான வேலை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் நான் கடற்படையில் இருந்ததில்லை. படகே ஓட்டியதில்லை, வேகவதியில் தண்ணீர் இருந்தாலல்லவா ஓட்டுவதற்கு.

ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் ஐந்து பேர் 2011 நவம்பரில் இலங்கையில் பிடிபட்டார்கள். 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு நீதிமன்றம் தூக்கு என்றது. அவர்கள் ஊரான தங்கச்சிமடம் கொந்தளித்தது, பிரதமர் அதிபர் ராஜபக்சவிடம் பேசினார், மூன்றே வாரத்தில் மன்னிப்பு வந்தது. மூன்று வருடம் நகராதது மூன்று வாரத்தில் நகர்ந்தது. நான் மலேசியாவில் மாட்டினால் திருப்பருத்திக்குன்றத்தில் மறியல் செய்ய எத்தனை பேர் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். என் மைத்துனர் வருவார். அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்.

சவூதியில் 18 வருடம் சிறையில் இருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருவரின் தலையைக் காக்க ரத்தப் பணமாக 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. 2024 ஏப்ரலில் ஜனங்களே பத்து, நூறு, ஆயிரம் என்று போட்டுச் சேர்த்துவிட்டார்கள். ஒரு ரூபாய் வகுப்புக்கும் 34 கோடி வகுப்புக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்தால், இப்போதே சீட்டுப் போட ஆரம்பிப்பேன்.

நாலாவது வகுப்பைப் பற்றி வேடிக்கையாக எழுத வரவில்லை. உத்தரப்பிரதேசத்துப் பெண் ஒருத்தி, ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். அந்தக் குழந்தையின் சாவுக்காக அபுதாபியில் அவளுக்கு மரண தண்டனை. மகள் என்ன ஆனாள் என்று சொல்லுங்கள் என்று கேட்டு அவள் அப்பா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 மார்ச் 3 அன்று அரசுத் தரப்பு வழக்குரைஞர் எழுந்து பதில் சொன்னார். பிப்ரவரி 15-லேயே தண்டனை நிறைவேறிவிட்டது. அமீரகம் நம் தூதரகத்துக்கு முறைப்படி அதைத் தெரிவித்தது 28ஆம் தேதி. அவள் செய்தாளா, செய்யவில்லையா என்பதை நான் பேசவில்லை. நடுவில் 13 நாள். அந்த நாட்களில் அவர்கள் சொல்லவில்லையா, இவர்கள் கேட்கவில்லையா என்று அந்த அப்பாவுக்கு மனு எழுதிக் கொடுக்கும் நிலை எனக்கு வந்திருந்தால் ‘பொருள்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை.

இதற்கெல்லாம் சட்டம் போட முடியுமா, நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நம் வீட்டிலேயே வந்து இருந்துவிட்டுப் போன விருந்தாளிகளைச் சொல்கிறேன். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடலில் ‘சீமேன் கார்டு ஓஹாயோ’ கப்பல் பிடிபட்டது. துப்பாக்கிகளோடு 35 பேர். 2016 ஜனவரியில் ஐந்து ஆண்டு தண்டனை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. அவர்களில் ஆறு பேர் பிரிட்டிஷ்காரர்கள். அவர்களுக்கு ‘சென்னை சிக்ஸ்’ என்று பெயரே வைத்து அங்கே ஊரைக் கூட்டிவிட்டார்கள். பன்னிரண்டு பேர் இந்தியர்கள். அவர்களுக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சொந்த நாட்டு ஜெயிலில் இருப்பவனுக்குத் தூதரகம் ஏது? பதினான்கு பேர் எஸ்டோனியர்கள். எஸ்டோனியாவின் மொத்த ஜனத்தொகை எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்தத் தம்மாத்துண்டு தேசம் தன் அரசமைப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவில், வெளிநாட்டில் இருக்கும் குடிமகனையும் அரசு காக்கும் என்று எழுதி வைத்திருக்கிறது. நல்லவனாக இருந்தால், விசா சரியாக இருந்தால், டிவியில் வந்தால் என்று அதில் எதுவும் இல்லை.

ஜெர்மனி 1974-லேயே தூதரகச் சட்டம் போட்டு, கைதியானவர் கேட்டால் கவனித்துக்கொள்வது அதிகாரியின் வேலை என்று அதில் சேர்த்துவிட்டது. நம்மிடம் இருப்பது இந்தியர் சமூக நல நிதி, 2009-லிருந்து. தகுதியான வழக்குகளில் சட்ட உதவிக்கும் அதிலிருந்து கொடுக்கிறீர்கள். அந்த நிதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். தூதரகத்துக்கு ஒரு காகித வேலைக்காகப் போகிற டிரைவரும் கொத்தனாரும் கட்டுகிற சேவைக் கட்டணத்திலிருந்து. ஆக, அதுவும் தனிநபர் பொறுப்புதான். எது தகுதியான வழக்கு என்று தீர்மானிப்பது மட்டும் அரசின் பொறுப்பு.

மியான்மர் இணைய மோசடிக் கூடாரங்களிலிருந்து 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்டவர்களை விமானப்படை விமானத்தில் கூட்டி வந்தீர்களே, அதை மறந்து எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். போலி முகவரை நம்பிப் போனவர்கள்தான் அவர்களில் பலரும். அவர்களை ஏற்றிக்கொள்ளும் முன் “யார் உன்னைப் போகச் சொன்னது?” என்று படிக்கட்டில் நிறுத்தி விசாரிக்கவில்லை. உங்களால் முடியாது என்று யார் சொன்னது? முடிகிற அன்றைக்கு முடிகிறது. எனக்கு வேண்டியது மற்ற நாட்களுக்கான விதி. ‘உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்’ என்பதற்குப் பதிலாக, தகவல் கிடைத்த இத்தனை நாளுக்குள் அதிகாரி நேரில் பார்ப்பார், இத்தனை நாளுக்குள் குடும்பத்துக்கு அவர்கள் மொழியில் கடிதம் போகும், போகாவிட்டால் இன்னார் பதில் சொல்வார் என்று ஒரு பக்கம். மனுதாரர் குற்றவாளியா, அப்பாவியா என்று அதில் கட்டம் வேண்டாம்.

அது வரும் வரை கீழ்க்கண்ட சம்மதத்தைக் கோப்பில் வைத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டுத்தறி நெய்பவன்.

இணைப்பு: சம்மதக் கடிதம்

மேற்படி விலாசத்தில் வசிக்கும் நான், சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதிக் கொடுப்பது. நான் எந்த நாட்டில், எந்தக் காரணத்துக்காகக் கைதானாலும், நான் முட்டாள்தனமாகவே நடந்துகொண்டிருந்தாலும், என் பெயர், அடைத்த இடம், குற்றச்சாட்டு, வழக்குரைஞர் உண்டா இல்லையா, உடல்நிலை, அடுத்த வாய்தா தேதி ஆகிய அனைத்தையும் என் குடும்பத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் கேட்கும் எவருக்கும் தெரிவிக்கச் சம்மதிக்கிறேன். எனக்கு அந்தரங்கம் எதுவும் இல்லை. இந்தச் சம்மதம் என் உயிர் போன பிறகும் செல்லும். அப்போது மட்டும் வீட்டுக்குச் சொல்ல 13 நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.