மூன்றாவது கியரில் நியூட்ரல்

மோட்டார் சைக்கிளில் எரியும் விளக்குகளில் பெரும்பாலானவை அடுத்தவருக்கானவை. டெயில் லைட் பின்னால் வரும் லாரிக்காரருக்கு. ஹெட்லைட்டில் பாதி எதிரே வருகிறவர் கண்ணுக்கு. இண்டிகேட்டர் யாருக்கு என்பது நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் முடிவாகவில்லை. ஓட்டுகிறவருக்கென்றே எரிபவை மீட்டருக்குள் ஒளிந்திருக்கும் நாலைந்து குட்டிப் பல்புகள் மட்டும்தான். ஒவ்வொன்றும் ஒன்றரை வாட், மிஞ்சிப்போனால் மூன்றரை வாட். அவை போனால் வண்டி நிற்காது, போலீஸ் பிடிக்காது, வீட்டிலும் யாரும் கேட்கப்போவதில்லை. அதனாலேயே பழைய வண்டிகளில் அவை போய் வருடக்கணக்கு ஆகியிருக்கும்.

சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தும் வாத்தியார் ஒருவரின் வண்டியும் அந்த நிலைமையில்தான் இருந்தது. 1996-இல் வாங்கிய நூறு சிசி வண்டி. பழைய ஆர்.சி. புத்தகத்தில் மாவட்டத்தின் பெயர் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். மாவட்டத்துக்குப் பெயர் மாறிவிட்டது, வாத்தியாருக்கு வண்டி மாறவில்லை. இரவில் ஊர் திரும்பும்போது சிப்காட் தாண்டியதும் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுதான் இருக்கும். அவருக்கு அதில் குறையொன்றும் இல்லை. டேங்க் மூடி கடகடத்தால் நாற்பது. கண்ணாடி அதிர்ந்து பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிந்தால் ஐம்பது. அதற்கு மேல் போக வண்டிக்கும் விருப்பமில்லை, அவருக்கும் இல்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம் என்று சுமார் 45 கிலோமீட்டரையும் காதால் கேட்டே ஓட்டிப் பழகியிருந்தார்.

வில்லங்கம் ஆர்.சி. புதுப்பிப்பில் வந்தது. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். “இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு லைட்டா போட்டுப் பார்ப்பாரு சார்” என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கே வாத்தியார் மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றார்.

வெளிச்சத்துக்குப் பஞ்சமான மாவட்டமும் அல்ல இது. தண்ணீரில் வள்ளலார் விளக்கெரித்த வரலாற்றைச் சொல்லும் கருங்குழி இங்கேதான் இருக்கிறது. அவர் ஜோதி வழிபாட்டுக்கு 1872-இல் தொடங்கிய ஞானசபை வடலூரில். பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே 1962-இல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-இல்தான் ஓய்வு பெற்றது. இத்தனைக்கும் நடுவே 1.7 வாட் பல்பு ஒன்றை எரிய வைக்க இயற்பியல் வாத்தியார் ஒருவர் பட்ட பாட்டைத்தான் இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெக்கானிக் தம்பி அவரிடம் படித்தவனில்லை. அதனால் மரியாதை குறையாமல் பேசினான். ஹெட்லைட் டூமைக் கழற்றி மீட்டரைக் கவிழ்த்ததும் முதலில் விழுந்தது பல்லி முட்டை ஓடு. பிறகு ஒரு கைப்பிடி எறும்பு மண். ஹோல்டர் ஒன்றை இழுத்தால் வயர் மட்டும் கையோடு வந்தது. கடற்கரை உப்புக் காற்றில் பித்தளைத் தகடு பச்சை பூத்துப் பல்பை விடாமல் பிடித்திருந்தது. குறடு வைத்தால் கண்ணாடி நொறுங்கும். தம்பி சைக்கிள் வால்டியூபில் விரல்கடை நீளம் நறுக்கி, பல்பின் தலையில் மாட்டி, லேசாக ஆட்டி இழுத்தான். முழுசாக வந்தது. இந்த வித்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

வந்த பல்பு சுண்டுவிரல் நக அளவு. குறுக்களவு 5 மில்லிமீட்டர், ஆகவே டி5. ஸ்பீடாமீட்டர் முகத்துக்கு வெளிச்சம் போடுவது அதன் அண்ணன், 10 மில்லிமீட்டர் டி10. இரண்டுக்கும் உலோகத் தொப்பி கிடையாது. கண்ணாடியின் அடியிலேயே இரண்டு மெல்லிய கம்பிகள் மடங்கியிருக்கும். கடையில் கேப்லெஸ் பல்பு என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். வாத்தியார் பல்பை வெயிலில் தூக்கிப் பார்த்தார். உள்ளே கறுத்திருந்தது. சூடேறிய டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் படிந்த கறுப்பு அது. மின்னழுத்தம் ஐந்து சதவீதம் கூடினாலே இத்தகைய பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரெகுலேட்டர் தளர்ந்துபோன வண்டியில் அது ஆண்டு அனுபவித்துச் சாவதற்கு வழியே இல்லை. இதையெல்லாம் அவர் விளக்கி முடித்ததும் தம்பி தன் தீர்ப்பைச் சொன்னான்: “எர்த் ப்ராப்ளம் சார்.” மெக்கானிக்குகள் எந்தக் கோளாறுக்கும் சொல்லும் முதல் பதில் இது. பாதிக்கு மேல் சரியாகவும் இருந்து தொலைக்கிறது.

பழைய வண்டிக்காரர்களில் நூறு சிசிக்காரர் பாடு எவ்வளவோ தேவலை. 1956 முதல் திருவொற்றியூரிலிருந்து வந்த புல்லட்டில் ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆம்மீட்டர் இருக்கும். பிரேக் மிதித்தால் அதன் முள் கழித்தல் பக்கம் சாயும். முள் எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்தே எந்தப் பல்பு போயிருக்கிறது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. பல்பை நேராகப் பார்த்தாலே தெரியும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50-இல் வெளிச்சம் மேக்னட்டோவிலிருந்து நேராக வரும். முறுக்கினால் பளீர், விட்டால் மங்கல். இருட்டில் பள்ளம் வருகிறதென்று வேகத்தைக் குறைத்தால் பள்ளமே தெரியாது. தெரிய வேண்டுமானால் வேகமாகப் போய் விழ வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு பக்கம் ஸ்பேர்ஸ் கடையில் வாத்தியார் கேட்டது பழைய பல்புதான். கடைக்காரர் விடவில்லை. “எல்.இ.டி. போடுங்க சார், ஆயுசுக்கும் கழட்ட வேணாம்.” வெள்ளை, பச்சை, சிவப்பு, ஐஸ் ப்ளூ என்று அட்டை அட்டையாக எடுத்து வைத்தார். வாத்தியாருக்குள் இருந்த பாடம் விழித்துக்கொண்டது. நெய்வேலி எரியத் தொடங்கிய அதே 1962-இல்தான் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். பிரகாசமான நீலத்துக்கு உலகம் இன்னும் முப்பது வருடம் காத்திருந்தது. அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் அதற்காக 2014-இல் நோபல் பரிசு வாங்கினார்கள். நீலம் கிடைத்த பிறகுதான், அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி வெள்ளை கிடைத்தது. நோபல் பரிசு வாங்கிய சரக்கு டீ, வடை விலைக்குக் கிடைக்கிறதே என்று மீட்டர் மொத்தத்துக்கும் வெள்ளை எல்.இ.டி. வாங்கிவிட்டார்.

மாட்டியதும் ஒன்றுகூட எரியவில்லை. எல்.இ.டி. ஒரு டயோடு. மின்சாரத்தை ஒரு பக்கம்தான் விடும், ப்ளஸ் மைனஸ் பார்த்து மாட்ட வேண்டும். இழைப் பல்புக்கு அந்தப் பேதம் கிடையாது. டயோடின் வரைபடத்தை வருடா வருடம் கரும்பலகையில் போடும் வாத்தியாருக்கு இது தெரியாததல்ல. ஆனால் கரும்பலகையில் அம்புக்குறி இருக்கும், பல்பில் இல்லை. தம்பி ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திருப்பிச் செருகினான். பச்சை எரிந்தது. வயர் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதிலும் கம்பெனிக்கு ஒரு சட்டம்: ஹோண்டா வழி வண்டிகளில் பச்சை வயர் எர்த், யமஹாவில் கறுப்பு வயர் எர்த்.

ஸ்பீடாமீட்டர் முகமும் ஹை பீம் நீலமும் மட்டும் இன்ஜின் ஓடினால்தான் எரிந்தன, ஐடிலிங்கில் நடுங்கவும் செய்தன. அந்தக் கால நூறு சிசி வண்டிகள் பலவற்றில் ஹார்னும் இண்டிகேட்டரும் நியூட்ரல் விளக்கும் பேட்டரியில் ஓட, ஹெட்லைட்டும் மீட்டர் வெளிச்சமும் மேக்னட்டோவின் ஏ.சி.யில் நேராக ஓடும். ஏ.சி. திசை மாறி மாறி வருவதால் சாதாரண எல்.இ.டி. பாதி நேரம்தான் எரியும். மீதிப் பாதியில் எதிர்த்திசை மின்னழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதன் தாங்கும் அளவோ வழக்கமாகச் சுமார் 5 வோல்ட்தான். கடைக்காரர் சொன்ன ஆயுசு வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் முடிந்தது. உள்ளேயே பிரிட்ஜ் வைத்த, ஏ.சி., டி.சி. இரண்டுக்கும் பொருந்தும் எல்.இ.டி. என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அடுத்த தடவை கடைக்குப் போனபோது தெரிந்தது.

உண்மையான கூத்து இண்டிகேட்டரில். பழைய மீட்டர்கள் பலவற்றில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து அம்பர் விளக்கு ஒன்றுதான். சிக்கனமான ஜப்பானிய மூளை அதன் ஒரு காலை இடது பக்க வயரிலும் மறு காலை வலது பக்க வயரிலும் கட்டிவிட்டது. அதற்குத் தனி எர்த் கிடையாது. இடதைப் போட்டால் மின்சாரம் இந்தக் குட்டிப் பல்பு வழியாகப் போய், வலது பக்கம் சும்மா இருக்கும் பெரிய பல்புகளின் வழியே எர்த்தைத் தேடிக்கொள்ளும். வலதைப் போட்டால் அப்படியே எதிர்த்திசையில். குட்டிப் பல்பு கால் ஆம்பியரைத் தாண்டாது, 10 வாட் பல்புகளை எரிய வைக்க அது போதாது. ஆக, பழைய வண்டியில் பல்பு வெளிச்சம் தருவதோடு வயர் வேலையும் பார்க்கிறது. அதைப் பிடுங்கி ஒருவழிப் பாதையான எல்.இ.டி.யை வைத்ததும், இடது பக்கம் திரும்பினால் மீட்டர் கண் சிமிட்டியது, வலது பக்கம் திரும்பினால் மூடிக்கொண்டது.

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். பழைய குட்டிப் பல்பை மறுபடி மாட்டிவிட்டு, வெளியே இருக்கும் நாலு இண்டிகேட்டரையும் எல்.இ.டி.யாக்கலாம் என்று வாத்தியாருக்கு ஓடியது. இதில் கடைக்காரருக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. மாட்டி, இடதைப் போட்டார். நாலும் எரிந்தன. வலதைப் போட்டார், அப்போதும் நாலும். எல்.இ.டி.க்கு மிகக் கொஞ்சம் மின்சாரமே போதும் என்பதால், குட்டிப் பல்பு வழியாகக் கசிவதே எதிர்ப்பக்கத்துக்கும் தாராளமாகப் போதுமானதாக இருந்தது. ஃபிளாஷருக்கோ பழைய 20 வாட் பாரம் இல்லாமல் தாளம் கெட்டது. மேல வீதியில் வண்டி கோவில் திருவிழா சீரியல் செட் போல மின்னிக்கொண்டு போனது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, “சார், முடிவு பண்ணிட்டு வாங்க” என்றார்.

தீர்வு வாத்தியாருடையது. இரண்டு டயோடு, 1என் 4007, எந்த ரேடியோ கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. இடது வயரிலிருந்து ஒன்று, வலது வயரிலிருந்து ஒன்று, இரண்டும் குட்டி விளக்கின் ஒரு காலுக்கு. மறு காலுக்கு முதன்முறையாகச் சொந்த எர்த். எந்தப் பக்கம் போட்டாலும் விளக்கு எரியும், எதிர்ப்பக்கம் கசியாது. ஃபிளாஷரையும் எலக்ட்ரானிக் ஃபிளாஷராக மாற்றியாயிற்று. சால்டரிங் புகைக்கு நடுவே அவர் முகத்தில் இருந்த பெருமையைத் தம்பி கொஞ்ச நேரம் அனுபவிக்க விட்டான். பிறகு கேட்டான்: “இவ்ளோவும் பழைய பல்பு போட்டிருந்தா வேணாம்ல சார்?”

நியூட்ரல் மட்டும் பிடிவாதமாக நின்றது. அதன் பச்சை விளக்கு எர்த்தைப் பெறுவது கியர்பாக்ஸில் இருக்கும் சின்ன சுவிட்ச் வழியாக. பழைய சுவிட்ச், உப்பு, மழை ஈரம் எல்லாம் சேர்ந்தால் அதில் மிக மெல்லிய கசிவு இருக்கும். இழைப் பல்பு அதைச் சட்டை செய்யாது, சில மில்லி ஆம்பியரில் அதன் இழை சிவக்கக்கூடச் சிவக்காது. எல்.இ.டி.க்கு அது விருந்து. மழை விட்ட ஓர் இரவில் புதுச்சத்திரம் தாண்டி மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது, நியூட்ரல் விளக்கு பச்சையாக முணுமுணுத்தது. வாத்தியார் கிளட்சைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, கியர் விழுந்திருக்கிறதா என்று காலால் தடவிக்கொண்டே பி.முட்லூர் வரை வந்தார். ஹை பீம் நீல விளக்கு வேறு நேராகக் கண்ணில் அடித்தது. அதன் தலையில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியாயிற்று. எரிவதற்காக வாங்கி மறைப்பதற்காக டேப் வாங்கும் ஒரே வீட்டுச் செலவு இதுதான் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

கடைசியில் உடன்படிக்கை ஏற்பட்டது. ஸ்பீடாமீட்டர் முகத்துக்குப் பிரிட்ஜ் வைத்த எல்.இ.டி. நியூட்ரலுக்கும் ஹை பீமுக்கும் பழைய 1.7 வாட் இழைப் பல்பு. இண்டிகேட்டருக்கு வாத்தியாரின் டயோடு, அதைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை. எர்த் வயரின் முனையைத் தம்பி உப்புத்தாளில் தேய்த்து, புது லக் அடித்து, கிரீஸ் தடவி முடுக்கினான். உண்மையைச் சொன்னால் பாதி விளக்குகள் அதிலேயே தேறியிருக்கும்.

ஆய்வு நாளில் இன்ஸ்பெக்டர் ஹார்னை அடிக்கச் சொன்னார். பிரேக் மிதிக்கச் சொன்னார். இடது, வலது போடச் சொன்னார். தாளில் பென்சிலால் தேய்த்தெடுத்த சேசிஸ் நம்பரைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை.

வாத்தியாருக்குத் தாங்கவில்லை. “சார், மீட்டர் லைட்டும் எரியுது.”

இன்ஸ்பெக்டர் ஒரு தடவை வெயிலைப் பார்த்தார், ஒரு தடவை அவரைப் பார்த்தார். “எரியட்டும் சார். ஓடோ மீட்டர் மட்டும் போன தடவை காட்டின நம்பர்லயே நிக்குதே?”

ஸ்பீடோ கேபிள் அறுந்து எத்தனை காலமாயிற்று என்று யாருக்கும் தெரியாது. டேங்க் மூடி கடகடத்ததில் தேவைப்பட்டிருக்கவில்லை. இப்போது இரவில் சிப்காட் தாண்டியதும் வெள்ளை வெளேரென்ற வெளிச்சத்தில் முள் பூஜ்யத்தில் நிற்பது நன்றாகத் தெரிகிறது. கேபிள் சொல்லி வைத்திருப்பதாகத் தம்பி சொல்கிறான்.