நிமிடத்துக்கு ஒரு தடவை

1999இல் கோவை அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீஸ். மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. திருப்பூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் மெர்ச்சண்டைசர் அண்ணன், பையைக் கீழே வைக்கும்முன் கேட்பார்: "ஏனுங்க தம்பி, ஜெர்மனி மெயில் வந்துருச்சுங்களா?" குளிர்காலத்தில் அங்கே காலை ஒன்பது என்றால் நமக்கு மதியம் ஒன்றரை. அது அவருக்கும் தெரியும். ஆனால், லேப் டிப் என்ற சாய மாதிரிக்கு பையர் ஓகே சொல்லாமல் துணி சாயப்பட்டறைக்குப் போகாது. சாயம் தள்ளிப்போனால் தூத்துக்குடியில் கப்பல் தவறிவிடும்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸில் புது மெயில் பார்க்கும் இடைவெளி 30 நிமிடம் என்றிருந்ததை அவர் 1 ஆக்கியிருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும். சர்வர் லாகைத் திறந்தால் ஒரே பெயர் மணிக்கு 60 தடவை. எங்கள் பாப் சர்வர், ஆள் நுழையும் ஒவ்வொரு தடவையும் அவருடைய மெயில் பெட்டி முழுவதையும் நகலெடுக்கும் ரகம். 'சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்' என்று டிக் அடித்திருந்ததால் அண்ணனின் பெட்டி 20 எம்பி. மணிக்கு 1,200 எம்பி நகல், புது மெயில் ஒன்றுகூட வராமலே! ஒரு நகல் முடியுமுன் அடுத்த நிமிடம் வந்துவிடும். பெட்டி பூட்டியிருக்கும்; திரையில் பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு தப்பாகிவிட்டது என்று பதறி என்னைக் கூப்பிடுவார்கள்.

அடிக்கடி வருபவர்களை சர்வரிலேயே தடுத்துப் பார்த்தேன். அதற்கும் அதே பாஸ்வேர்டுப் பெட்டிதான் வந்தது, பதற்றம் இரட்டிப்பானது. பிறகுதான் லாகை அச்செடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போனேன். தன் பெயர் வரிசையாக நிற்பதை அண்ணன் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். "இத்தன வாட்டியா நானு?" அவர் கையாலேயே 15 என்று மாற்றினார், டிக்கை எடுத்தார். அவசரமென்றால் மதியத்துக்கு மேல் அவரே பட்டனை அழுத்திப் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். அந்த வாரமே சர்வர் மூச்சுவிட்டது.

மெயில் வந்தால் சர்வரே கூப்பிட்டுச் சொல்லும் ஐமேப் ஐடில் முறை 1997லேயே எழுதப்பட்டுவிட்டது. எங்கள் கைக்கு வந்து சேர வருடங்கள் ஆயின. இன்று யாரும் நிமிடத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்கத் தேவையில்லை. ஆனால், அதற்கான இணைப்பு மூடாமல் திறந்தே கிடக்கும். தண்டர்பேர்ட் மெயில் செயலி ஒன்றே ஐந்து இணைப்பு வரை பிடித்துவைக்கும். டவ்காட் சர்வரோ, நாமாக ஏதும் மாற்றாவிட்டால், ஒரே முகவரியிலிருந்து ஒருவருக்கு ஐமேப்பில் 10 இணைப்புதான் தரும். ஆபீஸ் கணினி, லேப்டாப், போன் மூன்றும் ஒரே வைஃபையில் இருந்தால் வெளியிலுள்ள சர்வருக்கு ஒரே முகவரிதான்; முதல் இரண்டும் ஐந்தைந்து பிடித்துவிட்டால் மூன்றாவது வெளியே நிற்கும். அன்று கேள்வி அதிகம். இன்று காத்திருக்கும் கதவுகள் அதிகம்.

மெயில் வராமல் தவிக்கிறவர் சர்வருக்கு எதிரி அல்ல. அவருக்குக் கப்பல் நேரம் இருக்கிறது. உங்கள் ஆபீஸில் சர்வர் பார்க்கிறவராக இருந்தால், தடுப்பதற்கு முன் ஒரு தடவை அவர் மேசைக்குப் போய் வாருங்கள்.