கயாக்கில் குந்திய கதை

துடுப்புப் போட எனக்கு வந்துவிட்டது. முட்டுக்காட்டு உப்பங்கழியில் நேராகப் போவேன், வளைந்து திரும்புவேன், எதிர்க்காற்றிலும் சமாளிப்பேன். கயாக்கில் ஏறவும் இறங்கவும்தான் வரவில்லை. கரையில் நிற்பவர்கள் உற்றுப் பார்ப்பதோ அந்த இரண்டை மட்டும்தான்.

பாடம் என்னவோ சுலபம். முழங்காலுக்குக் கீழான தண்ணீரில் கயாக்கைக் கரையை ஒட்டி மிதக்கவிட வேண்டும். துடுப்பை இருக்கைக்குப் பின்னால் குறுக்கே வைத்து, ஒரு முனையைக் கரைப் பக்கம் தரையில் படியவிட வேண்டும். உடம்பை அந்தப் பக்கமே லேசாகச் சாய்த்து, முதலில் பிட்டம், பிறகு கால்கள்.

எனக்கு முதலில் கால்கள்தான் போகும். பஸ்ஸில் ஏறிப் பழகிய உடம்பு. உள்ளே நின்றதும் பாரம் மேலே போய் கயாக் உருளத் தொடங்கும். சரி, உட்கார்ந்தே நுழைவோம் என்றால், கரைப் பக்கத்தை விட்டுத் தண்ணீர்ப் பக்கம் சாய்வேன். துடுப்பின் மறுமுனை அங்கே அந்தரத்தில் நிற்கும். அதை நம்பிச் சாய்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கிரீன்லாந்து இனுயிட் வேட்டைக்காரர்கள் அவரவர் உடம்பை அளந்தே கயாக் கட்டினார்கள். நீளம், விரித்த இரு கைகளின் அளவைப் போல மூன்று மடங்கு. அகலம், இடுப்போடு இரண்டு முஷ்டி. மரச்சட்டத்தின் மேல் சீல் தோல். எனக்கு வாடகைக்குக் கிடைத்ததோ பிளாஸ்டிக். யாரை அளந்து வார்த்தார்களோ, அந்த இரண்டு முஷ்டி இடத்தையும் என் இடுப்பே எடுத்துக்கொண்டது. மேலே உட்கார்ந்து போகும் திறந்த வகை இருக்கிறதே என்பீர்கள். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். கௌரவம் இடம் தரவில்லை.

இறங்குவது இன்னும் மோசம். நீட்டியே வைத்திருந்ததில் கால்கள் மரத்துப் போயிருக்கும். “சார், எந்திரிக்காதீங்க! முதல்ல ரெண்டு காலையும் வெளிய போடுங்க!” என்று கத்துவார் பயிற்சி தரும் தம்பி. அவர் முடிப்பதற்குள் விளிம்பைப் பிடித்து எழுந்திருப்பேன். இடுப்போடு கயாக்கும் எழும். பிறகு இருவரும் சேர்ந்தே சேற்றில் சாய்வோம்.

கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியேறுவதும் ஒரு பாடம். முன்னால் குனிந்து, இடுப்பைச் சுற்றிய தண்ணீர் மறைப்பின் வளையத்தை இழுத்துவிட்டு, இரு பக்கமும் கையூன்றி உடம்பை உருவிக்கொள்ள வேண்டும். பலருக்கும் பயம் தரும் பாடம் இதுதானாம். தம்பி எனக்கு அதைச் சொல்லித் தரவே இல்லை. கேட்டேன்.

“அது உங்களுக்கு வந்துடுச்சு சார்” என்றார்.