இரு நீருக்கு நடுவே ஒரு மகஜர்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையில், கூர் மழுங்கிய பென்சிலால் கை நடுங்கும் கிழவர் ஒருவர் இழுத்த கோட்டைப் போல ஒரு நிலக்கீற்று ஓடுவதைப் பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தில் பார்த்த நாள் முதல், அதன் மீது ஒரு தடவையேனும் நின்றுவிட வேண்டும் என்ற ஆசை என் சித்தத்தில் குடியேறிவிட்டது. கிழக்கே சமுத்திரம், மேற்கே உப்பேரி; ஆகையால் ஒரே மணல்மேட்டில் நின்ற இடத்தில் நின்றபடியே, காலையில் கடலிலிருந்து எழும் சூரியனையும், மாலையில் உடம்பை மட்டும் திருப்பிக்கொண்டு அதே சூரியன் ஏரியில் இறங்குவதையும் பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைக் காட்டிலும் செலவு குறைந்த ஆசை வர முடியாது என்று என் மனைவியும் சம்மதித்தாள். வரும்போது நண்டு வாங்கி வந்தால் அந்தச் செலவும் வீண்செலவாகாது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், குடை, தோல் பை, நோட்டுப் புத்தகம் சகிதமாக, பொன்னேரி வரை மின்சார ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் பிரயாணம் செய்தேன். பூநாரைகளைப் பார்க்காமல் வராதே என்று ஒரு நண்பர் தம்முடைய பைனாகுலரை என் கழுத்தில் மாட்டி அனுப்பியிருந்தார். பூநாரைகள் ஐப்பசி மழையை ஒட்டி வந்து, கோடை முற்றுமுன் கிளம்பிவிடும் யாத்திரிகர்கள் என்பது இரவல் கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கிக்கொண்டவனுக்கும் தெரியாது. ஆவணியில் அந்த ஏரியில் எனக்குத் தரிசனம் கொடுத்தவை சில கொக்குகளே. அவற்றை எங்கள் தெருக்கோடிக் குட்டையிலேயே கண்ணாடி இல்லாமல் பார்க்கலாம்.

பழவேற்காடு ஊரில் அதிக நேரம் தங்கவில்லை. ஒல்லாந்தர்கள் 1613-இல் கெல்ட்ரியா என்ற கோட்டையை எழுப்பி, சோழமண்டலக் கரையின் துணி வியாபாரத்தையெல்லாம் அங்கிருந்து நடத்தினார்கள். கடைசியாக 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கோட்டை இப்போது முட்புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம் மட்டும் சௌக்கியமாக இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு இவ்வளவு வெளிப்படையாக விஷயத்தைச் சொல்லிவிடும் வாயிற்காவலர்களை நான் வேறெந்த ஸ்தாபனத்திலும் கண்டதில்லை. அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து, கலங்கரை விளக்கத்தை ஒட்டிய குப்பத்தில் கால் வைத்தேன்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் குடிப்பதற்குள், வலை பின்னிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் என் குடையையும் பையையும் கழுத்துக் கண்ணாடியையும் கிரமமாகப் பரிசீலித்துவிட்டு, “இன்னா சார், எந்த ஆபீசு?” என்றான்.

“ஆபீஸ் ஒன்றுமில்லை, தம்பி. சும்மா பார்க்க வந்தேன்.”

“சும்மாவா?” என்று அவன் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டுப் புரட்டிப் பார்த்தான். “சும்மா இங்க யாரு சார் வர்றாங்க? மீன்வளமா, ரெவின்யூவா?”

சூரியோதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க வந்திருக்கிறேன் என்ற உண்மையை விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். உண்மையைப் போலச் சந்தேகத்தை வளர்க்கக்கூடிய வஸ்து உலகத்தில் வேறில்லை. கடைக்கார அம்மாள் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “ஏன், பொன்னேரியில சூரியன் வுழறதில்லையா?” என்று கேட்டாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ரகசியமாக அளவெடுக்க வந்த பெரிய அதிகாரி என்ற தீர்மானம் அந்தக் க்ஷணமே நிறைவேறிவிட்டது. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

கோயில் மண்டபத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் காத்திருந்தார். என்னைத் தம் பக்கத்தில் உட்கார்த்தி, பேச்சு ஒன்றும் பேசாமல், கையிலிருந்த குச்சியால் மணலில் ஒரு கோடு கிழித்தார். என் பூகோளப் படத்துக் கோடேதான் அது. ஆனால் அவருடைய கோட்டில் நடுவே ஓர் இடைவெளி இருந்தது.

“இதான் சார் முகத்துவாரம். இது தொறந்திருந்தா நாங்க மனுசங்க. அடைச்சிக்கிச்சின்னா…” என்று சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் ஒரு பிடி மணலைத் தூவினார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எந்தச் சர்வகலாசாலையிலும் இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்க மாட்டேன். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கத்தி அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. வாடைக் காற்றுக் காலத்தில் கொஞ்சம் திரும்பித் தெற்கே வருகிறது. இந்த ஓயாத மணல் ஊர்வலம் கோடையில் முகத்துவாரத்தின் குறுக்கே படுத்துக்கொள்கிறது. வாய் அடைபட்டால் கடல்நீர் ஏரிக்குள் ஏறுவதில்லை. ஏரித்தண்ணீர் வெயிலில் சுண்டி உப்பு முற்றுகிறது. கடலிலிருந்து குஞ்சாக உள்ளே வந்து ஏரியில் வளர வேண்டிய இறால் வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஏரிப் பக்கம் கட்டிய படகு கடலுக்குப் போக வழியில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவந்தால்தான் ஏரி பொங்கி அந்த மணலை உடைத்துக்கொண்டு போகும். சென்னைத் துறைமுகத்துச் சுவர் குறுக்கே நின்று இந்த மணலை மறித்ததால்தான் மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிட அவ்வளவு விசாலமான கடற்கரை கிடைத்தது என்பது எனக்குத் தெரியும். அந்த மேடையில் அந்தத் தகவலைப் பிரஸ்தாபிப்பது உசிதமாகப் படவில்லை.

“மணல வாரி, ரெண்டு பக்கமும் கல்லு கொட்டி, எப்பவும் தொறந்திருக்கிற மாதிரி பண்ணணும். எழுதுங்க சார்” என்றார் பெரியவர்.

நான் அதிகாரியல்ல என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் புன்னகையோடு, “தெரியும், தெரியும், எழுதுங்க” என்றார். முப்பத்திரண்டு வருஷம் பிறர் மகஜர்களின் மீது ‘பார்வைக்கு’ என்று எழுதியே தேய்ந்த பேனா, மகஜரையே எழுதும் சந்தர்ப்பம் வாய்த்ததும் வெட்கத்தை விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. கம்பீரமாக இருக்கட்டும் என்று இரண்டாம் பத்தியில் ஒல்லாந்தர்களை நுழைத்து, அவர்கள் காலத்துக் கப்பல்களை வர்ணித்து வாசித்துக் காட்டினேன்.

“அவங்க யாரு? கையெழுத்துப் போடுவாங்களா?”

“அவர்கள் எல்லாரும் அக்கரையில் கல்லறையில் இருக்கிறார்கள்.”

“அப்ப வேணாம், அடிச்சிடுங்க.”

அடித்தேன். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாதென்று தடுப்பதால் ஒரு நாள் பிழைப்புப் போகிறது என்று ஒருவர் சொல்ல, அதையும் ஆறாவது அம்சமாகச் சேர்த்தேன். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, “அத எழுதாதீங்க சார். அது நம்மூரு ராக்கெட்டு” என்றார். அதையும் அடித்தேன். இவ்வளவு அடித்தல் திருத்தலுக்கும் பிறகு நிமிர்ந்து பார்த்தபோது மண்டபத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். சூரியன் ஏரியில் இறங்கி நெடுநேரமாகியிருந்தது.

போகட்டும், உதயம் இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பெரியவர் வீட்டுத் திண்ணையில் படுத்தேன். ஒரு காதில் அலையோசை. மற்றொரு காதில் கொசு. விடியற்காலையில் எழுந்து கடற்கரைக்கு ஓடி, கிழக்கே முகத்தை வைத்துக்கொண்டு நின்றால், எனக்கும் கிழக்குக்கும் நடுவில் பதினைந்து பேர் காகிதங்களோடு நின்றிருந்தார்கள். ஒருவருக்கு வீட்டுமனைப் பட்டா, ஓர் அம்மாளுக்கு முதியோர் பணம், இன்னொருவருக்குப் படகு எஞ்சினுக்கு மானியம். யார் முதல் என்று தகராறு கிளம்பியதும் பெரியவர் வந்து, “பாட்டுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க” என்று ஓர் அதட்டல் போட்டார். வரிசை தானாக அமைந்துவிட்டது.

பாடு என்பது அந்த ஏரியில் வழிவழியாக வரும் ஏற்பாடு. எந்த இடத்தில், எந்த நாளில், எந்தத் தலைக்கட்டு வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைப்பதும் இல்லை, மோசமான இடம் ஒருவன் தலையிலேயே விடிவதும் இல்லை. முறைக்கும் பாடு என்று பெயர், அன்றாடக் கஷ்டத்துக்கும் பாடு என்றே பெயர் வைத்த பாஷையின் தீர்க்கதரிசனத்தை நான் வியந்துகொண்டிருக்கையில், எட்டாவது பாட்டுக்காரரின் தோளுக்கு மேலாகச் சூரியன் முழு வட்டமாக, உதயமெல்லாம் முடிந்த நிலையில், என்னைப் பார்த்தது.

புறப்படும்போது ஓர் ஓலைக்கூடை நிறையப் பச்சை நண்டுகளைக் கொடுக்குக் கட்டி என் கையில் திணித்தார்கள். பணம் கொடுத்தேன், கோபித்துக்கொண்டார்கள். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் ஒரு காப்பிகூட லஞ்சமாக வாங்காதவன், இல்லாத உத்தியோகத்துக்காக ஒரு கூடை நண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மனைவி மட்டும் என் பிரயாணம் பூரண வெற்றி என்று அபிப்பிராயப்பட்டாள்.

ஆனாலும் நண்டு தின்ற கடன் உறுத்தியது. மகஜரைச் சுத்தப் பிரதி எடுத்து, சம்பந்தப்பட்ட இலாகாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வந்தது, பதில் வரவில்லை. அங்கே என்னைப் போன்ற ஒருவர் ‘பார்வைக்கு’ என்று எழுதியிருப்பார்.

கார்த்திகை மாதத்தில், மூன்று நாள் ஓயாமல் கொட்டிய மழை சற்று விட்டிருந்த ஒரு காலைவேளையில், டெலிபோன் மணி அடித்தது. பெரியவரின் குரல், பின்னணியில் ஏதோ பிரம்மாண்டமான இரைச்சல்.

“சார், தொறந்துகிச்சி சார்! ராத்திரி ஒரே ஒடைப்பு, ஏரித்தண்ணி அப்படியே கடலுக்குப் போவுது! நீங்க எழுதுனது வேல செஞ்சிடுச்சி!”

மழை பெய்தது, ஆறுகள் பெருகின, ஏரி உடைத்துக்கொண்டது என்று வாய்வரை வந்த வார்த்தைகளை, ஒரு நிமிஷம் தயங்கி, உள்ளே விழுங்கிக்கொண்டேன்.

“நல்லது பெரியவரே, நம்மால் ஆனது” என்றேன்.

“ரொம்ப சந்தோசம் சார். அப்படியே அந்தப் பட்டா விசயம்…”

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரும்படி மனைவிக்குச் சைகை காட்டினேன்.