கடாமுடா

பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை, இனி என் மகளுக்கு நடப்பு நிகழ்வுகளை நானே சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்தேன். அவளைக் கேட்கவில்லை. நாற்பது வருஷமாகப் பேப்பர் படிக்கிறவன் நான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தினமும் பத்திலிருந்து பதினொன்றரை வரை உலக விவகாரம் பேசியே பென்ஷன் வாங்கியவன். வீட்டுக்குள் இப்படி ஒரு கருவூலம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க, ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கிற பெண் காசு கட்டி வெளியே படிக்கப் போகிறாளே என்று வயிறு எரிந்தது.

வயிறு என்றதும் ஞாபகம் வருகிறது. மராத்தியில் நடப்பு நிகழ்வுகளுக்கு 'சாலூ கடாமோடி' என்று பெயர். நாங்கள் புனேயில் ராஸ்தா பேட்டில் இருக்கிறோம். அங்கிருந்து சதாசிவ் பேட், நாராயண் பேட், நவி பேட் பக்கம் போனால் கண்ணில் படுகிற பாதிப் பலகைகளில் அந்தச் சொல்தான். மகாராஷ்டிரத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து, நாலு பேர் ஓர் அறையில் படுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, 'அப்யாஸிகா' எனப்படும் படிப்பறையில் ஒரு மேஜையை மாத வாடகைக்குப் பிடித்துக்கொண்டு அதைத்தான் படிக்கிறார்கள். என் காதில் அது முதன்முதலாக 'கடாமுடா' என்று விழுந்தது. ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸை இரண்டு முறை எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள், என் காதில் கோளாறு இல்லை என்பார்கள்.

என் காது எப்போதும் அப்படித்தான். புனே வந்த புதிதில் நாராயண் பேட்டில் 'கேசரி வாடா எங்கே?' என்று யாரோ யாரையோ கேட்டது காதில் விழ, நம் ஊர் டிபன் கடை என்று நம்பி அவர் பின்னாலேயே நடந்திருக்கிறேன். போய்ச் சேர்ந்த இடம் திலகரின் வீடு. மராத்தியில் வாடா என்றால் பெரிய வீடு. கேசரி என்பது அவர் 1881இல் தொடங்கிய பத்திரிகை. அதில் வந்த கட்டுரைகளுக்காக 1908இல் அவரை ஆறு வருஷம் மாண்டலே சிறைக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு நடப்பு நிகழ்வை எழுதியவருக்கு ஆறு வருஷம். இன்றைக்கு அதே தெருக்களில் அதைப் படிக்கிற பிள்ளைகளில் பொதுப் பிரிவினருக்கு யு.பி.எஸ்.சி. அனுமதிப்பது ஆறு முறை. அன்று எனக்குக் கேசரியும் கிடைக்கவில்லை, வடையும் கிடைக்கவில்லை.

மாஸ்டர் வேலைக்கு முதல் படியாக அப்பா பல்வந்த் சௌக் போனேன். புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம். கவுண்டரில் நின்று 'சாலூ கடாமோடி' என்று என் மராத்தியில் கேட்டேன். எந்த மாசம் என்றார் கடைக்காரர். இந்த மாசம் என்றேன். 'இந்த மாசம் இன்னும் நடந்து முடியலையே, காகா' என்றார். காகா என்றால் சித்தப்பா. பக்கத்தில் மாதத் தொகுப்புகளைக் கட்டாக வாங்கிக்கொண்டிருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, 'கித்வா அட்டெம்ப்ட், காகா?' என்றான். எத்தனையாவது முறை எழுதுகிறேனாம். எனக்கு வயது 60. அவன் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் கொடுமை. அந்த வட்டாரத்தில் எப்போது தலை நரைக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டிலோ நிலைமை வேறு. என் மகள் கத்தரிக்கோலோடு பேப்பர் படிக்கிறவள். காலை ஐந்தரைக்கு அவள் படித்து முடித்தபின் என் கைக்கு வருவது பேப்பர் இல்லை, ஜன்னல் வைத்த சுவர். ஒரு பக்கத்தில் ஏதாவது திட்டம், எந்த அமைச்சகம், எந்த அறிக்கையை யார் வெளியிட்டார்கள் என்று வெட்டுவாள். அதன் மறுபக்கத்தில்தான் நான் மூன்று நாளாகத் தொடர்ந்து வருகிற கொலை வழக்கு இருக்கும். 'போலீசார் கைது செய்த நபர்' என்பதோடு ஓட்டை. ஓட்டை வழியே பார்த்தால் என் மனைவி தெரிவாள்.

'அப்பா, நீங்க படிக்கிற பக்கத்துலேர்ந்து கேள்வியே வராது' என்றாள் ஒருநாள். தங்கம் விலை, கொலை, கிரிக்கெட், இரங்கல் விளம்பரம். இவை நான்கும் சேர்ந்ததுதான் உலகம் என்று இருந்துவிட்டேன். சிதளே பந்து மிட்டாய்க் கடை 2017இல் மத்தியானம் ஒன்று முதல் நாலு வரை அடைக்கிற வழக்கத்தை விட்டபோது, பத்திரிகைகளே அதைப் பெரிய செய்தியாகப் போட்டன. புனேக்காரர்களின் மத்தியானத் தூக்கத்துக்குச் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் அல்லவா அது? கட்டாயம் கேள்வி வரும் என்று அவளை மனப்பாடம் செய்ய வைத்தேன். வரவில்லை.

என் மாஸ்டர் பதவி ஆடத் தொடங்கியதும், நானும் ஒரு மாதிரித் தேர்வு எழுதிக் காட்டுவதாகச் சவால் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜை, இரண்டு மணி நேரம், 100 கேள்வி, 200 மதிப்பெண். தப்பான ஒவ்வொரு விடைக்கும் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். அதனால் தெரியாததை விட்டுவிட வேண்டும் என்று மகள் சொன்னாள். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரு கட்டத்தையும் காலியாக விடாதவன் நான். நூறையும் கருப்பாக்கினேன்.

இப்போதெல்லாம் கேள்வி கேட்கிற தினுசே மாறிவிட்டது. முன்பு '1, 2 மட்டும் சரி' என்கிற மாதிரி விடைகள் இருக்கும். ஒன்று தெரிந்தால் மற்றதைக் கழித்துக் கட்டலாம். 2023 பிரிலிம்ஸில் 'மேற்கண்டவற்றில் எத்தனை சரி?' என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை. இரண்டு தெரிந்து மூன்றாவது தெரியாவிட்டால் அந்த இரண்டாலும் பிரயோஜனமில்லை. இதைக் கேள்விப்பட்ட வாரமே என் மனைவி சுவீகரித்துக்கொண்டாள். 'ஏங்க, கேஸ் புக் பண்ணச் சொன்னேன், தயிர் வாங்கச் சொன்னேன், இஸ்திரித் துணியைக் கேட்டு வரச் சொன்னேன். இதுல எத்தனை?'

மாதிரித் தேர்வில் புவிசார் குறியீடு பற்றி ஒரு கேள்வி. முதல் வரி 'புனேரி பகடி'. புனேக்காரர்களின் பகடிக்கு உலகமே சாட்சி. வாசலில் எழுதிப்போடும் பலகைகளிலேயே வருகிறவனை நாலு வார்த்தையில் உரித்துத் தொங்கவிடுவார்கள். அதற்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது நியாயம் என்று டிக் அடித்தேன். விடை சரி. ஆனால் 2009இல் குறியீடு வாங்கியது அந்தப் பெயர் கொண்ட தலைப்பாகை. இரண்டாவது வரி, ராமநாதபுரம் முண்டு மிளகாய். அது எங்கள் ஊர். வருஷா வருஷம் என் அக்கா மூட்டை கட்டி அனுப்புகிறாள், சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிற சாமானுக்கெல்லாமா சர்க்கார் சான்றிதழ் கொடுக்கும்? தப்பு என்று அடித்துவிட்டேன். 2023இல் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது ராம்சர் பட்டியல். இதை நான் ஏற்கெனவே மகளுக்கு விளக்கியிருந்தேன்: ராமர், சரஸ், அதாவது ராமர் குளித்த குளம், அனேகமாக வடக்கே. அவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் குழம்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கிற ஊராம். ஈர நிலங்களைக் காக்க 1971இல் அங்கே ஓர் ஒப்பந்தம் போட்டார்களாம். கேள்வியில் மூன்று பெயர்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், உத்வா ஏரி. எத்தனை?

சக்கரக்கோட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். எட்டாம் வகுப்பில் புதுச் செருப்பைச் சேற்றில் தொலைத்துவிட்டு, அப்பாவிடம் அடி வாங்கிய கண்மாய். கேள்வி தயாரித்தவன் என்னைக் குறிவைத்து வைத்த பொறி என்று புரிந்துகொண்டு 'எதுவுமில்லை' என்று கருப்பாக்கினேன்.

மகள் திருத்தினாள். சரி 31, தப்பு 69. அதாவது 62இலிருந்து 46 போக 16.

'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழுங்க' என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து. 'கிளி ஜோசியக்காரன் கிளிகிட்ட தாளக் குடுத்திருந்தாக்கூட நாலுல ஒண்ணு சரியா எடுத்திருக்கும்.'

அன்று ராத்திரி தூக்கம் வராமல் பேப்பர் பென்சில் எடுத்து அதையும் போட்டுப் பார்த்தேன். கிளிக்கு 25 சரி, 50 மதிப்பெண். தப்பான 75க்கு 50 போகும். மிச்சம் சைபர். கிளியைவிட நான் 16 மதிப்பெண் அதிகம். மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் சக்கரக்கோட்டைக்கு ஆதாரம் கேட்டேன். மகள் தன் நோட்டைப் புரட்டி ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். 2025 பிப்ரவரி. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சிக்கிமில் கேச்சியோபால்ரி, ஜார்க்கண்டில் உத்வா ஏரி, நான்கும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 20, இந்தியாவிலேயே அதிகம். துண்டைத் திருப்பினேன். 'பக்கத்து வீட்டு மாமாதான் என்பது தெரியவந்தது' என்று இருந்தது. அந்தக் கொலை! பேப்பரில் என் ஊர்க் கண்மாய் இருந்த இடத்தில்தான் எனக்கு ஓட்டை இருந்திருக்கிறது. அதனால் இரண்டையும் கோட்டைவிட்டிருக்கிறேன்.

இந்தப் பெண் 2025இல் அறிவித்த 979 இடங்களுக்குப் போட்டி போட்டவள். அவளுக்குப் பக்கத்து மேஜைப் பிள்ளைகள் எழுதுகிற மாநிலத் தேர்வும் ஒரு வங்கித் தேர்வும் 2024 ஆகஸ்ட் 25 என்று ஒரே நாளில் விழுந்தபோது, சாஸ்திரி ரோட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அவர்கள் தேதியைத் தள்ளிவைக்க வைத்தார்கள். கடாமோடி படிக்கிறவர்கள் மறுநாள் தாங்களே கடாமோடியாகிப் பேப்பரில் வந்தார்கள். அதையும் என் மகள் வெட்டி ஒட்டியிருக்கிறாள். அம்ருத்துல்யா கடையில் டீ குடித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ கணபதி ஊர்வலம் சீக்கிரமே கிளம்பிவிட்டது என்று வீட்டில் வந்து சொன்னவன் நான்.

அக்காவுக்குப் போன் போட்டேன். சக்கரக்கோட்டையாவது, ஈரானாவது, நேரில் கேட்டால்தான் நம்புவேன்.

'ஆமா தம்பி, அங்கிட்டுத்தான் கூழைக்கடா எல்லாம் வந்து கூடு கட்டுது. நம்ம கம்மாய ராம் சாருல சேத்துட்டாகன்னு பேசிக்கிட்டாக' என்றாள். 'யாருடா அந்த ராம் சாரு, புதுசா வந்த கலெக்டரா?'

'ஈரான்காரர், அக்கா' என்றேன்.

'அப்படியா? தமிழ் பேசுவாராமா?'